அது உப்புன்னு உனக்குத் தெரியும்

மக்கா,

இந்தக் கவரை ஒட்டாமத்தான் குடுத்தனுப்புறேன். லீவு முடிஞ்சு கத்தாருக்குத் திரும்புற பக்கத்து வீட்டுக்காரன் கையில, உனக்க அம்மை போட்ட ஏத்தங்காய் வத்தலோட சேந்து இது உங்கிட்ட வரும். வழியில அவன் எடுத்துப் படிச்சாலும் படிக்கட்டும். உனக்க ரூமுல கெடக்குற எட்டுப் பேரும் படிக்கட்டும், அதுல ஒருத்தனான ராபினும் படிக்கட்டும். இதுக்க நகல் ஒண்ணை நம்ம கோயில் அறிவிப்புப் பலகையிலயும் ஒட்டப்போறேன். ‘கல்யாணத்தை வச்சுக்கிட்டு பெத்த பிள்ளையை நாறடிக்காதிய’ன்னு உனக்க அம்மை ரெண்டு நாளா சோறு வைக்கும்போதெல்லாம் சொல்றா. ஃபோன்ல சொல்லிப் பாத்தாச்சு மக்கா. நீ ‘செரிப்பா, செரிப்பா’ன்னு வச்சிருவ. கடிதாசை அப்படி வைக்க முடியாதுல்லா?

எனக்குக் கோவம் லே. முப்பது வருஷம் கோயில்பிள்ளையா இருந்து மணியடிச்சு, மெழுகுதிரி கொளுத்தி, ஊருக்கு மைக்குல அறிவிப்பு வாசிச்ச மனுஷன் நான். லேசுல கோவப்படுறவன் இல்லன்னு நீயே எல்லாருகிட்டயும் சொல்லுவ. இந்தத் தடவை வந்துட்டு. மூணு வாரமாச்சு, இறங்க மாட்டேங்குது. என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியும். ஆனா ஒண்ணும் தெரியாத மாதிரி பொண்ணுக்குச் சேலை என்ன நிறத்துல எடுக்கணும்னு கேட்டுட்டு இருக்கியே, அதுனால மொதல்ல இருந்து நானே சொல்றேன், கேளு.

நம்ம ஊர்க்காரங்க இருநூத்தம்பது பேரு இருக்குற அந்த வாட்ஸ்அப் குரூப்புக்கு நீ அட்மின். ஊருல ஒருத்தரு செத்தா, ஒரு பிள்ளை பிறந்தா, கடல்ல காத்து கூடுனா, கத்தார்ல இருக்குற நீதான் மொதல்ல தெரிஞ்சு எல்லாருக்கும் சொல்லுவ. ‘அப்பனுக்க மைக்கு மகனுக்க கைக்குப் போயாச்சு’ன்னு நானும் பெருமையாப் பறஞ்சிட்டுத் திரிஞ்சேன். அந்தக் குரூப்புல ராபின் ஒரு போட்டோவைப் போட்டான். குலசேகரம் பஸ் ஸ்டாண்டுல எவனோ எடுத்தது. நம்ம கிழக்குத் தெரு மரிய செல்வம் குனிஞ்சு நின்னு, மீன் சுமக்குற ஓலைக் கடவத்துல வெள்ளையா ஒரு பொடியைத் தூவுறா. கீழ எழுத்து: ‘பிணம் கெடாமல் இருக்கப் போடும் மருந்தை மீனில் கலக்கும் பெண். இவளிடம் வாங்காதீர்கள். அனைவருக்கும் பகிரவும்.’ அது என்ன பொடின்னு உனக்குத் தெரியாதா லே? சாளை மீனு மேல தூவுற உப்பு. இடிச்ச கல்லுப்பு. நம்ம கரையில எந்த வீட்டு அடுக்களையில அது இல்ல? பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மை கருவாடு போட அந்த உப்பை இடிச்சுக் குடுத்தது யாரு? உள்ளங்கை கீறலுல உப்புப் பட்டு எரியுதுன்னு தெருவையே கூட்டினது யாரு? அந்தக் கையாலதான் நீ அந்தப் படத்தை ஒண்ணும் எழுதாம மேல தள்ளிவிட்டுட்டு ஃபோனைக் கீழ வச்சிருக்க.

நீ ஃபோனைக் கீழ வச்ச பிறகு இங்க என்ன ஆச்சுன்னு கேளு. மூணே நாளுல அந்தப் படம் குலசேகரத்துல ரப்பர் ஷீட் எடுக்குற கடை வரைக்கும் போயாச்சு. ‘அவளுக்க சொந்த ஊர்க்காரனுவளே போட்டிருக்கானுவ, பின்ன பொய்யாவா இருக்கும்’னு பேச்சு. ஒண்ணும் அறியாத செல்வம் வழக்கம்போல மீன் விக்க, தக்கலையில பஸ் மாறி குலசேகரத்துல போய் இறங்கியிருக்கா. ரெண்டு தடியனுவ மறிச்சு, மூஞ்சிக்கு நேர ஃபோனைப் பிடிச்சு, ‘என்ன மருந்து, சொல்லுட்டி’ன்னு கேட்டிருக்கானுவ. ஐம்பது வயசுப் பொம்பளையை ‘ட்டி’! அவ உப்புன்னு சொல்லிட்டு இருக்கும்போதே ஒருத்தன் காலால கடவத்தைத் தட்டிவிட்டான். சாளை அம்புட்டும் ரோட்டுல. அவ குனிஞ்சு ஒண்ணொண்ணாப் பொறுக்குறதையும் படம் பிடிச்சுப் போட்டானுவ, நீயும் பாத்திருப்ப. காலையில பத்து மணிக்கே திரும்பி வந்து கோயில் முன்னால இறங்கினா. கடவத்துல மீனும் சரளும் கலந்து கெடக்கு. நான் ஓடிப்போய் பிடிச்சு இறக்கினேன். ‘மீனு கொட்டினது சங்கடமில்ல அண்ணே’ன்னா. ‘இருபது வருஷமா எங்கிட்ட மீன் வாங்குற டீச்சரம்மா, எனக்க மவளுக்குப் பழைய புஸ்தகமெல்லாம் எடுத்துத் தந்த டீச்சரம்மா, என்னையக் கண்டதும் கேட்டைச் சாத்தினாவ. நாயைக் கண்டாலும் மனுசரு ஒரு வார்த்தை அதட்டுவாவல்லா? ஒண்ணும் பறயாமச் சாத்தினாவ.’ அன்னைக்கு இறக்கி வச்ச கடவத்தை அவ இன்னும் தலைக்கு எடுக்கல.

அவளுக்க மவ ஜெனிபா நாகர்கோவில்ல நர்சிங் படிக்கிறா. அவளும் குரூப்புல இருந்தா. அம்மை வந்த கோலத்தைப் பாத்துட்டு அவ எழுதினா: ‘அது உப்பு. ராபினே, உனக்க அம்மையும் அதே உப்பைத்தான் போடுறா. அங்க இருந்துக்கிட்டு எங்க சோத்துல மண்ணள்ளிப் போடுற நாயே, நீ வெளங்கவே மாட்ட.’ செரி, கடைசி வரி கொஞ்சம் காரம்தான். பெத்த தாயை நடுரோட்டுல குனிய வச்சவனுக்குப் பின்ன என்ன, ஜெபமாலையா சொல்லுவா? அப்போதான் லே நீ அட்மின்னு உனக்கு ஞாபகம் வந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல அந்தப் பிள்ளையைத் தூக்கி வெளிய போட்டுட்டு எழுதின: ‘தனிநபர் தாக்குதல் கூடாது. குரூப்பின் கண்ணியம் காக்கவும். இந்த விஷயம் இத்துடன் முடிக்கப்படுகிறது.’ கண்ணியமாம், கண்ணியம்! அந்த வார்த்தையை எந்தக் கடையில வாங்கின? ஒருத்தி பிணமருந்து கலக்குறான்னு படத்தோட போட்டது மூணு நாளு அங்கேயே கெடந்துச்சு, அது தனிநபர் தாக்குதல் இல்ல. அது பொய்னு சொன்னவ கூட ஒரு ‘நாயே’ போட்டதும் தாக்குதல் ஆகிப்போச்சு. பொய்யை மரியாதையாச் சொன்னா உள்ள இருக்கலாம், நெசத்தை அழுதுக்கிட்டுச் சொன்னா வெளிய போகணும். நல்ல நியாயம் மக்கா.

அன்னைக்கே உன்னையக் கூப்பிட்டேன். ‘எல்லாருக்கும் கருத்துச் சொல்ல உரிமை இருக்குப்பா, தடுக்க நான் யாரு’ன்னு ஆரம்பிச்ச. அப்போ ஜெனிபாவுக்க உரிமையை எந்த அலமாரியில வச்சுப் பூட்டினன்னு கேட்டேன். ‘அடுத்தவன் போட்டதை நம்மால அழிக்க முடியாதுப்பா, உங்களுக்கு அந்த விவரம் தெரியாது’ன்ன. அழிக்கச் சொன்னேனா நான்? அதுக்கு அடியில ‘இது உப்பு, எனக்குத் தெரியும்’னு நாலு வார்த்தை எழுதத்தானே சொன்னேன்? பிறகு பைய நெசத்தைச் சொன்ன. ‘ராபின்தானப்பா எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தான். ஒரே ரூமு. தெனமும் அவன் மூஞ்சியில முழிக்கணும்.’ நீ சொன்னதுலேயே அது ஒண்ணுதான் எனக்குப் புரிஞ்சுச்சு. புரிஞ்சதுனாலதான் கோவம் ரெண்டு மடங்காச்சு. ஏன்னா அதே பதிலை நான் பன்னெண்டு வருஷமா நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டு இருக்கேன்.

உனக்க அம்மை இடது காலை இழுத்து நடக்குறது எதனாலன்னு கேட்டா சுனாமியிலன்னு சொல்லுவ. ஊரும் அப்படித்தான் சொல்லுது, நானும் திருத்தல. சுனாமி அவளைத் தொடவே இல்ல மக்கா. அது வந்து போன நாலாவது நாளு நடந்தது இது. பள்ளிக்கூடத்துல தங்கியிருந்த சனம், உன்னைய மாதிரி பிள்ளையள அங்கேயே விட்டுட்டுத் திரும்பி வந்து வீட்டுச் சகதியை அள்ளிட்டு இருந்தாவ. கோயில் வாசல்ல எவனோ ஓடிவந்து ‘கடல் உள்ள வாங்குது, திரும்ப வரப்போகுது’ன்னு கத்தினான். எவன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பத்தடி எடுத்து வச்சு எட்டிப் பாத்திருந்தா எனக்கே கடல் தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. மைக்கை எடுத்து ‘கடல் வருது, ஓடுங்க’ன்னு அலறினேன். ஊரு ஓடிச்சு. உனக்க அம்மை கால் தடுக்கி விழுந்து, அவ மேல நாலஞ்சு பேரு மிதிச்சுட்டு ஓடினாவ. கடலு அது பாட்டுக்கு அங்கேயே கெடந்துச்சு. நல்லது நினைச்சுத்தான் நானும் சொன்னேன். ராபினும் அதைத்தான் சொல்லுவான், நாலு பேரு நல்லா இருக்கட்டும்னு வந்ததை அப்படியே அனுப்பினேன்னு. நல்லது நினைச்சு மிதிச்சாலும் ஒடிஞ்ச கால் ஒடிஞ்ச காலுதான் லே.

அதுக்குப் பிறகு நானும் அப்போ இருந்த பங்குச்சாமியும் சேந்து ஒரு ஏற்பாடு வச்சோம். மைக்குல யாரும் பேசலாம். ஆடு காணலைன்னாலும் பேசலாம், கோயில் கமிட்டிக்காரன் களவாணின்னாலும் பேசலாம். ஆனா கோயில்பிள்ளை வாய் வழியா இல்ல, சொல்றவன் வந்து நிக்கணும். மொதல்ல பேரு, பிறகு தெரு, அதுக்குப் பிறகு சங்கதி. தன்னையத் தப்பாச் சொல்லிட்டான்னு ஒருத்தன் நினைச்சா, அவனும் அடுத்து ஏறி அதே மைக்குல பதில் சொல்லலாம். இம்புட்டுத்தான் ஏற்பாடு. ‘அவன் சொன்னான், இவன் சொன்னான்’னு வாறவன்ல பாதிப் பேரு, ‘உனக்க பேரைச் சொல்லு’ன்னதும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டுத் திரும்பிப் போவான். அதனால உனக்கே ஒரு உபகாரம் கிடைச்சுச்சே, மறந்துட்டியா? நீ எட்டாங்கிளாஸ். தெருமுனைச் சிலுவைக் குருசடிக் கண்ணாடியைப் பந்தடிச்சு உடைச்சது கோயில்பிள்ளை மவன்தான்னு ஒருத்தரு பேரு சொல்லி மைக்குல பேசிட்டாரு. நீ ஓடிவந்து ஏறின. பேரைச் சொன்ன, தெருவைச் சொன்ன, ‘அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில எங்கம்மைகூட இருந்தேன்’னு சொன்ன. சொல்லிட்டு, வந்த கோவத்துல அந்த மனுஷனை ‘சவமே’ன்னும் ஏசின. நான் உன்னைய மைக்குல இருந்து இழுத்துப் போட்டேனா? கண்ணியம்னு பலகை தொங்கவிட்டேனா? அந்த ஆளு அடுத்து ஏறி, ‘தப்பாச் சொல்லிட்டேன் மக்கா’ன்னு சொல்லிட்டு இறங்கிப் போனாரு. நீ ஒரு வாரம் நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்ச.

அந்த ஏற்பாட்டை ஒடிச்சதும் நான்தான். அதே வருஷம் சுனாமியில வீடு போனவங்களுக்குப் புது வீடு தர கமிட்டியில லிஸ்ட் போட்டாவ. செல்வத்துக்க மாப்பிள்ளை சுனாமிக்கு முன்னாலேயே கடலோட போனவன். அவ ஆறு வயசு ஜெனிபாவை வச்சுக்கிட்டு வாடகைக் குடிசையில இருந்தா. அந்தக் குடிசையும் அலையில போச்சு. வாடகைக்காரின்னு சொல்லி லிஸ்டுல அவ பேரைப் போடல, அவளை மாதிரி இன்னும் மூணு கைம்பொண்ணுவ பேரும் இல்ல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வந்து மைக்கு முன்னால நின்னா. ஏற்பாட்டுப்படி, ‘எனக்க பேரு மரிய செல்வம். கிழக்குத் தெரு’ன்னா. பக்கத்துல நின்ன கமிட்டித் தலைவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. எனக்கு இந்தக் கோயில் வேலையை வாங்கித் தந்தவரு அவரு. தெனமும் அவரு மூஞ்சியில முழிக்கணும். நான் ஸ்விட்சை அணைச்சேன். அவ பேரு மட்டும் ஊருக்குக் கேட்டுச்சு, சொல்ல வந்தது கேக்கல. அது தெரியாம அவ கொஞ்ச நேரம் அந்த அணைஞ்ச மைக்குலேயே பேசிட்டு இருந்தா. பிறகு நிறுத்திட்டு என்னையத் திரும்பிப் பாத்தா. நான் வயரைச் சுத்துற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். மூணு வருஷம் பிள்ளையோட தகரக் கொட்டகைக்குள்ள வெந்தா அவ. நான் அம்மைக்க வாயை அடைச்சேன், நீ மவளுக்க வாயை அடைச்சிருக்க. குடும்பத் தொழிலு நல்லாத்தான் நடக்குது.

இப்போ கமிட்டிக்காரனுவ புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கானுவ. இனி குரூப்புல ஒருத்தரும் ஒண்ணும் போடக்கூடாதாம், எதுன்னாலும் கமிட்டிக்கு அனுப்பி, கமிட்டி பாத்துத்தான் போடுமாம். நீயும் அதுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்க. மண்டையில கிறுக்கு கேறிட்டா உனக்கு? நான் ஸ்விட்சை அணைச்ச மறுவாரமே இங்கயும் ‘கமிட்டி அறிவிப்பு மட்டும்’னு எழுதித் தொங்கவிட்டாவ. சனம் பேச்சை நிறுத்திச்சா? குழாயடிக்குப் போச்சு. அங்க பேரும் கிடையாது, தெருவும் கிடையாது. லிஸ்டைப் பத்தி நூறு கதை, அதுல பாதி பச்சைப் பொய். கமிட்டிக்காரன் செய்யாத களவையும் அவன் தலையில வச்சுப் பேசினாவ, பதில் சொல்ல அவனுக்கும் இடமில்லாமப் போச்சு. வாயைப் பொத்தினா பொய் சாகாது மக்கா, நெசத்துக்குத்தான் மூச்சு முட்டும். ராபினை வெளிய தூக்குன்னும் நான் சொல்லல, அதையும் கேட்டுக்க. வெட்டுவேன் குத்துவேன்னு வாறவனையும், பொம்பளைப் பிள்ளையைப் பத்தி அசிங்கம் எழுதுறவனையும் ஒரு நிமிஷம் உள்ள வைக்காத, அதுக்கு யோசனையே வேண்டாம். இவன் இருக்கட்டும். இந்தப் படம் உனக்கு யாரு அனுப்பினா, நீ கண்ணால கண்டியான்னு எல்லாரும் பாக்க அவன்கிட்ட கேளு. தெரியலைன்னா தெரியலைன்னு அவனும் எல்லாரும் பாக்கச் சொல்லட்டும்.

போன ஞாயிறு உனக்க மொத ஓலை வாசிச்சாச்சு. உனக்க பேரையும் பொண்ணு பேரையும் வாசிச்சு, ‘தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்’னு சாமி சொன்னப்போ உனக்க அம்மை முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. எனக்கு அப்பவும் கோவம்தான் வந்துச்சு. ஒருத்தனுக்குக் கல்யாணம் செஞ்சு வைக்க மூணு ஞாயிறு ஊரைக் கேக்குறோம், தெரிஞ்சவன் வந்து சொல்ல நேரம் குடுக்குறோம். ஒருத்திக்க பேரைக் கெடுக்க மட்டும் யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்காண்டாமா?

நேத்து கல்யாணக் கடிதாசு வைக்க கிழக்குத் தெருவுக்குப் போனேன். வாசல்ல நின்னுக்கிட்டே, ‘அன்னைக்கு மைக்கு கெட்டுப்போகல செல்வம், நான்தான் அணைச்சேன்’னேன். ‘தெரியும் அண்ணே’ன்னா. ‘கரண்டு போகலன்னு அன்னைக்கே தெரியும், ஃபேன் ஓடிட்டுத்தானே இருந்துச்சு.’ பன்னெண்டு வருஷமா தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் என்னைய அண்ணேன்னு கூப்பிட்டிருக்கா. மன்னிச்சேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல, உள்ள போய் கட்டங்காப்பி போட்டுக் கொண்டாந்து தந்தா. ஜெனிபாதான் பேசினா. ‘மாமா, என்னையத் திரும்பச் சேக்கணும்னு இல்ல. நாயேன்னது தப்புன்னா அதை நானே எழுதித் தாறேன். ஆனா அது உப்புன்னு, அந்தப் படத்தைப் பாத்த அம்புட்டு பேரும் பாக்க ஒருத்தராவது சொல்லணும். சொல்றவங்க எல்லாரும் எங்க காதுல வந்துதான் சொல்றாவ.’ நான் எந்திரிச்சுக் கிளம்பும்போது செல்வம் கேட்டா, ‘கல்யாணத்துக்கு மொதநாளு மீன்கறி உண்டும்லா அண்ணே? மீனு யாருகிட்ட எடுக்கிய?’

‘உங்கிட்டதான்’னேன். யாரையும் கேக்கல, உனக்க அம்மையைக் கூட கேக்கல. பொண்ணு வீட்டுக்காரங்க குலசேகரத்துக்காரங்கன்னு எனக்கும் ஞாபகம் இருக்கு. அந்தப் படம் அவங்க ஃபோன்லயும் இருக்கும். அவங்க கையை நனைக்காம எந்திரிச்சுப் போனா என்ன ஆகும்னு உனக்க அம்மை இப்போ அழுதுக்கிட்டு இருக்கா. ஆகட்டும்.

நீ அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்து இறங்குவ. ஞாயிறு காலையில மூணாவது ஓலை, சாயங்காலம் மீன்கறி, மறுநாளு தாலி. பூசை முடிஞ்சதும் நான் மொதல்ல மைக்குக்குப் போவேன். எனக்க பேரு, எனக்க தெரு, உனக்க அம்மைக்க காலு, நான் அணைச்ச ஸ்விட்சு, எல்லாத்தையும் சொல்லுவேன். பிறகு உன்னையக் கூப்பிடுவேன். பேரைச் சொல்லு, தெருவைச் சொல்லு, அது உப்புன்னு சொல்லு, தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன்னு சொல்லு. அதையே குரூப்புலயும் எழுது. ராபின் ரூமை விட்டு இறங்கச் சொன்னா இறங்கு, வேலை போனா இங்க வா, கடலு எங்கேயும் போயிரல. நீ பேச மாட்டேன்னாலும் நான் மீனை மாத்த மாட்டேன். பந்தலுக்குள்ள, வந்த சனமெல்லாம் பாக்க, செல்வம் அந்தக் கடவத்தை இறக்கி வச்சு மீனுக்கு உப்புத் தூவுவா. மாப்பிள்ளைக்குத்தான் மொத இலை. எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு உனக்க வாயைத்தான் பாத்துட்டு இருப்பாவ.

மைக்குல உனக்கு வேணுங்கிற மட்டும் பேசலாம் மக்கா, யாரும் அணைக்க மாட்டாவ. ஸ்விட்சு பக்கத்துல அந்த ஞாயிறு நான் நிக்க மாட்டேன். ஜெனிபாவை நிக்கச் சொல்லியிருக்கேன்.

உனக்க அப்பா